வலிப்பு மாத்திரையும் வயிற்றுப் பிள்ளையும்: எதை மாற்றலாம், எதைச் சேர்க்கலாம்?

வலிப்பு உள்ள பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது. அடுத்தது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பது. அவள் சாப்பிடுவது எந்த மாத்திரை என்ற மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பிறக்கப்போகும் பிள்ளையின் மூளை விஷயத்தில் அந்த மூன்றாவது கேள்விதான் பெரியது.

முதல் கேள்விக்குச் சட்டம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது. 1999-இல் திருமணச் சட்டங்களைத் திருத்தி, வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடை என்ற வாசகத்தை எடுத்துவிட்டார்கள். இருந்தும் மறைக்கிறோம். புகுந்த வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிடும் மாத்திரை நாலு நாளைக்கு ஒருமுறை தவறும். கர்ப்ப காலத்தில் அப்படித் தவறுவது மிகவும் ஆபத்தானது.

இனி மாத்திரைச் சீட்டைக் கையில் எடுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். என்கோரேட், வால்பாரின் என்றால் அது சோடியம் வால்ப்ரோயேட். டைவால்ப்ரோயெக்ஸ் என்று இருந்தாலும் குடும்பம் அதேதான். லாமெடெக் என்பது லாமோட்ரிஜின். லெவிபில் என்பது லெவெடிராசெட்டம். டெக்ரிடால் கார்பமசெபின், எப்டாயின் ஃபெனிடாயின், கார்டெனால் ஃபெனோபார்பிட்டோன். எல்லாமே வலிப்பை அடக்கும் மருந்துகள்தான். ஆனால் கருவிலிருக்கும் மூளைக்கு எல்லாம் ஒன்றல்ல.

வால்ப்ரோயேட்டிலேயே இருப்பதா?

இந்த மருந்து 1967-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. 1982-இல் லியோன் நகரத்தில், முதுகெலும்பு மூடாமல் பிறந்த குழந்தைகளின் பதிவேட்டைப் பார்த்த எலிசபெத் ராபர்ட் என்ற ஆய்வாளர், அவர்களின் தாய்மாரில் வால்ப்ரோயேட் எடுத்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்துச் சொன்னார். அந்த மருந்து எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இந்தக் குறை வருகிறது. மற்றவர்களுக்கு இது ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற கணக்கு. இதயக் குறை, பிளந்த அண்ணம் எல்லாவற்றையும் சேர்த்தால், பல நாடுகளின் கர்ப்பப் பதிவுகளைத் திரட்டும் யூராப் பதிவேடு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி வால்ப்ரோயேட்டில் 10.3 சதவீதம். அதே கணக்கில் லாமோட்ரிஜின் 2.9, லெவெடிராசெட்டம் 2.8. மருந்தே எடுக்காத பெண்களுக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று உண்டு என்பதால், கடைசி இரண்டும் ஏறக்குறைய சாதாரண நிலைதான்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்ததுதான் இந்த மருந்தின் கதையில் நடந்த பெரிய தாமதம். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்து, அழகாகப் பிறந்து, பள்ளிக்கூடம் போனபிறகு பின்தங்கும் குழந்தையை யாரும் மருந்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த நீட் (NEAD) என்ற ஆய்வு, கர்ப்பத்திலிருந்தே தாய்மாரைப் பதிவு செய்து பிள்ளைகளை ஆறு வயது வரை பின்தொடர்ந்தது. 2013-இல் முடிவு வந்தது. வால்ப்ரோயேட் குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. 97. கார்பமசெபினுக்கு 105, லாமோட்ரிஜினுக்கும் ஃபெனிடாயினுக்கும் 108. பத்துப் புள்ளி என்பது ஒரு குழந்தையின் வாழ்க்கையில் சின்ன விஷயம் இல்லை. மொழித் திறனும் நினைவாற்றலும்தான் அதிகம் அடிபட்டன. அதே ஆண்டு டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டிலிருந்து ஆட்டிசம் பற்றிய கணக்கும் வந்தது. பொதுவாக 1.5 சதவீதம் இருக்கும் இடத்தில் வால்ப்ரோயேட் குழந்தைகளிடம் 4.4. பேச்சுத் தாமதம், கவனக் குறைவு எல்லாவற்றையும் சேர்த்து, நூற்றில் 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சிச் சிக்கல் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கிறது. 2018 முதல் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும், நம்பகமான கருத்தடை இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதை எழுதக்கூடாது என்பது விதி.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இதை எழுதுகிறார்கள் என்றால், இது வேலை செய்கிறது. மூளை முழுவதும் ஒரே நேரத்தில் எழும் வகை வலிப்புக்கு, குறிப்பாகப் பதின்ம வயதில் தொடங்கி விடியற்காலையில் கை தூக்கித் தூக்கிப் போட்டு டம்ளர் நழுவும் அந்த வகைக்கு, இதற்கு இணையானது இன்னும் இல்லை. 2021-இல் பிரிட்டனில் வந்த சனாட் இரண்டாம் ஆய்வும் அதையே சொன்னது: அந்த வகையில் லெவெடிராசெட்டம் வால்ப்ரோயேட்டை எட்டவில்லை. ஆக, கெட்ட மருந்தைத் தூக்கி எறிந்து நல்ல மருந்தை எடுக்கும் சுலபமான தேர்வு இது இல்லை. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விஷயம் நேரானது. அவர்கள் வால்ப்ரோயேட்டில் இருக்க மருத்துவக் காரணமே அநேகமாக இல்லை. ஒற்றைத் தலைவலிக்காக இதை எடுப்பவர்களுக்குப் பேச்சே வேண்டாம். வேறு வழிகள் ஏராளம்.

நடுவழி ஒன்று உண்டு: அளவைக் குறைப்பது. யூராப் கணக்கில் நாளுக்கு 650 மில்லிகிராம் வரை எடுத்தவர்களின் குழந்தைகளில் உடல் குறை 6.3 சதவீதம். 1450-ஐத் தாண்டியவர்களில் 25.2. கால்வாசி! வேறு எதிலும் வலிப்பு அடங்காத பெண்ணுக்கு இந்தக் குறைந்த அளவு ஒரு நியாயமான கடைசி வழி. ஆனால் குறைந்த அளவு வால்ப்ரோயேட்கூட, நல்ல அளவில் எடுக்கும் லாமோட்ரிஜினைவிட உடல் குறை விஷயத்தில் மோசம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லாமோட்ரிஜினா, லெவெடிராசெட்டமா?

மாற்றுவது என்று முடிவானால் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். பிள்ளையின் மூளையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தரம் என்றே வைத்துக்கொள்ளலாம். நீட் ஆய்வின் அடுத்த தலைமுறையான மோனீட் ஆய்வில் பெரும்பாலான தாய்மார் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ எடுத்தவர்கள். சிறு வயதில் சோதித்தபோது அவர்கள் பிள்ளைகளின் மொழித் திறன் மற்ற பிள்ளைகளினதைப் போலவே இருந்தது. எனவே தேர்வு தாயின் பக்கத்திலிருந்து வரவேண்டும்.

லாமோட்ரிஜின் மெதுவான மருந்து. அளவை ஏற்ற ஆறு வாரமாவது ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் தோலில் தடிப்பு வரும். அரிதாக அது உயிருக்கே ஆபத்தான தோல் உரிதலாக மாறும். ஏற்கெனவே வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு இரத்தத்தில் லாமோட்ரிஜின் இரட்டிப்பாகத் தேங்கும் என்பதால் வழக்கமான வேகத்தில் பாதிதான் போகவேண்டும். எனவே வால்ப்ரோயேட்டிலிருந்து இதற்கு முழுமையாக வந்து, வலிப்பு அடங்குகிறதா என்று பார்த்துத் தெளிய அரை ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. தை மாதம் கல்யாணம் என்றால் ஆடியிலேயே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். கை தூக்கிப்போடும் வகையில் இது சிலருக்கு அந்தத் துள்ளலை அதிகமாக்கவும் செய்யும்.

கர்ப்பத்தில் இதன் பெரிய தலைவலி வேறு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏற ஏறக் கல்லீரல் லாமோட்ரிஜினை வேகமாக வெளியேற்றும். அதே மாத்திரையை அதே நேரத்துக்குத் தவறாமல் எடுத்தும், இரத்தத்தில் அளவு பாதிக்குக் கீழே போய்விடலாம். கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவில் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வலிப்பு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பே ஒருமுறை இரத்த அளவைப் பார்த்துக் குறித்து வைத்து, பிறகு மாதா மாதம் பார்த்து மாத்திரையை ஏற்றவேண்டும். சென்னை, மதுரை, கோவையில் இந்தச் சோதனை கிடைக்கும். ஊர்ப்பக்கம் இரத்தத்தை எடுத்து வெளியே அனுப்பும் கூடத்தைத் தேட வேண்டும், செலவும் உண்டு. கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனும் லாமோட்ரிஜினை இப்படியே குறைக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

லெவெடிராசெட்டம் இதற்கு நேர் எதிர். ஒரு வாரத்தில் வேலைக்கு வந்துவிடும், மற்ற மருந்துகளோடு சண்டை போடாது, இருவகை வலிப்பிலும் பயன்படும். கர்ப்பத்தில் இதன் அளவும் இறங்கும், கவனிக்க வேண்டும்தான். ஆனால் இதற்கென்று ஒரு குணம் உண்டு: எரிச்சல், காரணமில்லாத கோபம், சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு. புதிதாகப் போன வீட்டில் மருமகள் சிடுசிடுக்கிறாள் என்று பெயர் வாங்கித் தரக்கூடிய மருந்து இது. அவளே தன் குணம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். ஏற்கெனவே மனச்சோர்வு இருந்த பெண் என்றால் நான் லாமோட்ரிஜின் பக்கம்தான் சாய்வேன். அது மனநிலையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கும். நேரம் இல்லை, மூன்று மாதத்தில் கல்யாணம், மூளை முழுவதும் எழும் வகை வலிப்பு என்றால் லெவெடிராசெட்டம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கார்பமசெபின் பகுதி வலிப்புக்கு நல்ல மருந்து, உடல் குறை 5.5 சதவீதம், நன்றாக அடங்கியிருப்பவரை அதிலிருந்து கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதின்ம வயது வகைக்கு இது எதிரி. ஃபெனிடாயின் 6.4. ஃபெனோபார்பிட்டோன் மலிவு, அரசு மருந்தகத்தில் என்றும் இருக்கும். ஆனால் கருவில் இதற்கு உட்பட்ட ஆண்களை வளர்ந்தபின் சோதித்த டென்மார்க் ஆய்வு 1995-இலேயே அறிவுத்திறன் குறைவைக் காட்டிவிட்டது. டோபிராமேட்டை நம்மூரில் ஒற்றைத் தலைவலிக்குத் தாராளமாக எழுதுகிறார்கள். அண்ணப் பிளவும் எடை குறைந்த குழந்தையும் இதில் உறுதியான ஆபத்துகள். ஆட்டிசம் பற்றி 2022-இல் வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளின் ஆய்வு ஆம் என்றது, 2024-இல் அமெரிக்க ஆய்வு மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தால் இல்லை என்றது. ஐரோப்பா 2023-இல் தடுப்பு விதி போட்டுவிட்டது. தலைவலிக்காக இந்தச் சூதாட்டம் தேவையில்லை.

நிறுத்திவிடுவது?

பாட்டிமார் சொல்லும் வழி இது, ஆபத்தானதும் இதுதான். கை கால் இழுத்து நினைவு தப்பும் பெரிய வலிப்பு கர்ப்பிணிக்கு வந்தால் அவளுக்கும் கருவுக்கும் பிராணவாயு தட்டுப்படும், விழுந்து வயிற்றில் அடிபடலாம், தூக்கத்திலேயே உயிர் போவதும் உண்டு. சில ஆண்டுகளாக வலிப்பே வராத சிலருக்கு மருத்துவர் மெல்ல மெல்ல நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஆனால் அது கருத்தரிப்பதற்கு முன், காத்திருந்து பார்க்க அவகாசம் வைத்துச் செய்வது.

நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, கர்ப்பம் என்று தெரிந்தபின் பதறி வால்ப்ரோயேட்டை விடுபவர்கள் உண்டு. முதல் மூன்று மாதத்தில் நிறுத்தியவர்களில் 33 சதவீதம் பேருக்குப் பெரிய வலிப்பு வந்தது. வேறு மருந்துக்கு மாறியவர்களில் 29, தொடர்ந்தவர்களில் 16. இதுவும் யூராப் கணக்குதான். அந்த நேரத்தில் முதுகெலும்புக் குழாய் மூடும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றில்லை. மூளையில் செல்கள் பிறந்து, இடம் பெயர்ந்து, ஒன்றோடொன்று இணைவது பத்து மாதமும் நடக்கிற வேலை. அளவைக் குறைப்பதில் பயன் உண்டு. முடிவை அந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போய் எடுக்கவேண்டும், சமையலறையில் அல்ல.

விட்டமின்: 400 மைக்ரோகிராமா, 5 மில்லிகிராமா?

குழம்பில் உப்பு அதிகமானால் உருளைக்கிழங்கு போட்டுச் சரிக்கட்டுவது போல, மருந்தின் கெடுதலை ஃபோலிக் ஆசிட் என்ற விட்டமின் உறிஞ்சிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சில மருத்துவர்களும் அப்படித் தோன்றும்படி எழுதிக் கொடுக்கிறார்கள்: வால்ப்ரோயேட் அப்படியே இருக்கட்டும், 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. இதற்கு ஆதாரம் பலவீனம்.

ஃபோலிக் ஆசிட்டின் புகழுக்கு அடிப்படை 1991-இல் வந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. முன்பே முதுகெலும்புக் குறையுள்ள கர்ப்பம் கண்ட பெண்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்ததில், அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. அருமையான முடிவு. ஆனால் அந்த ஆய்வில் வலிப்பு உள்ள பெண்களைச் சேர்க்கவே இல்லை. வலிப்பு மருந்து எடுக்கும் பெண்களைத் தனியே பார்த்த பிரிட்டன் மற்றும் அயர்லாந்துப் பதிவேடு 2009-இல் வெளியிட்ட அலசலில், ஃபோலிக் ஆசிட் எடுத்ததால் உடல் குறைகள் குறையவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஃபோலிக் ஆசிட்டின் இயற்கை வடிவமான ஃபோலேட்டின் வேதி வழியில் வால்ப்ரோயேட் குறுக்கிடுகிறது என்பது உண்மை. அதோடு, மரபணுக்கள் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை நடத்தும் ஒரு நொதியையும் அது தடுக்கிறது. விட்டமின் எவ்வளவு கொட்டினாலும் அந்த இரண்டாவது வேலை நிற்காது.

அதனால் ஃபோலிக் ஆசிட் வீண் என்று முடிவுகட்டவும் கூடாது. மூளை வளர்ச்சியில் அதன் பலன் நன்றாகவே தெரிகிறது. நீட் ஆய்வில் கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலிக் ஆசிட் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சராசரி ஐ.க்யூ. 108, எடுக்காதவர்களுக்கு 101. நார்வேயில் வலிப்பு மருந்து எடுத்த தாய்மாரின் ஒன்றரை வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது, ஆட்டிச அறிகுறிகள் ஃபோலிக் ஆசிட் எடுக்காதவர்களிடம் 32 சதவீதமும் எடுத்தவர்களிடம் 6 சதவீதமும் இருந்தன. எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கேள்வி எவ்வளவு என்பதில்தான்.

பிரிட்டனின் பழக்கம் 5 மில்லிகிராம். அமெரிக்க நரம்பியல் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குறைந்தது 0.4 மில்லிகிராம், அதாவது 400 மைக்ரோகிராம், என்று நிறுத்திக்கொண்டது. இடையில் 2022-இல் ஒரு நார்டிக் ஆய்வு வந்தது. 1 மில்லிகிராமுக்கு மேல் எடுத்த வலிப்புள்ள தாய்மாரின் பிள்ளைகளில் புற்றுநோய் 1.4 சதவீதம், எடுக்காதவர்களின் பிள்ளைகளில் 0.6. ஒரே ஆய்வு, சிறு எண்ணிக்கை. இதைப் பார்த்துப் பயந்து ஃபோலிக் ஆசிட்டையே விடுவது மடத்தனம். ஆனால் அதிகமானால் இன்னும் நல்லது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க இது போதும். நம்மூருக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. சைவம் சாப்பிடுவோரிடம் பி12 குறைவு சகஜம். பெரிய அளவு ஃபோலிக் ஆசிட் இரத்தசோகையைச் சரிசெய்துவிட்டு, பி12 குறைவால் நரம்பு கெடுவதை மறைத்துவிடும். எப்டாயின் எடுப்பவர்களுக்கு அதிக ஃபோலிக் ஆசிட் மருந்தின் இரத்த அளவையே இறக்கிவிடலாம்.

என் கணக்கு இது. லாமோட்ரிஜின் அல்லது லெவெடிராசெட்டம் எடுப்பவர், முன்பு முதுகெலும்புக் குறையுள்ள கர்ப்பம் இல்லாதவர் என்றால் 0.4 முதல் 1 மில்லிகிராம் போதும். வால்ப்ரோயேட் தவிர வழியில்லாதவருக்கும், முன்பு அப்படி ஒரு கர்ப்பம் கண்டவருக்கும் 4 அல்லது 5 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம் வரை, பிறகு குறைத்துக்கொள்ளலாம். கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது 5 மில்லிகிராம் மாத்திரை என்பதால் அளவைச் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும்.

அளவைவிட நாள் முக்கியம். முதுகெலும்புக் குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும்போது அது முடிந்த கதை. அங்கே தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. அளவு சரிதான், வரும் நேரம்தான் தாமதம். கர்ப்பத்துக்கு முயலத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது உத்தமம். முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் நல்லவைதான், தாராளமாகச் சாப்பிடலாம். கொதிக்கும்போது ஃபோலேட்டில் பெரும்பங்கு போய்விடுவதால் மாத்திரைக்குப் பதிலாகாது. கண்ட மல்டிவிட்டமினையும் சேர்க்கவேண்டாம், ரெட்டினால் வடிவ விட்டமின் ஏ அதிகமானால் அதுவே கருவுக்குக் கெடுதல். விட்டமின் கே ஊசி பிறந்ததும் குழந்தைக்கு ஒன்று, அது எல்லாக் குழந்தைக்கும் போடுவதுதான். தாய் கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபெனோபார்பிட்டோன் எடுப்பவர் என்றால் போட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்கே போய்க் கேட்பது என்றால், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்புள்ள தாய்மாருக்கென்றே ஒரு பதிவேடு நடத்துகிறது. கருத்தரிப்பதற்கு முன்பே சேரலாம். நாகர்கோவில், தென்காசிப் பக்கத்தவர்களுக்கு அது எட்டும் தூரம். மற்றவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். மகப்பேறு மருத்துவர் ஒருபக்கமும் நரம்பியல் மருத்துவர் ஒருபக்கமும் தனித்தனியே சீட்டு எழுதும் நிலையில், இரண்டையும் ஒரே நோட்டில் ஒட்டி இருவரிடமும் காட்டுவது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம். நீட் ஆய்வில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளின் ஐ.க்யூ. ஆறு வயதில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பிரசவத்துக்குப் பின் கவனிக்க வேண்டியது வேறொன்று: கர்ப்பத்தில் ஏற்றிய லாமோட்ரிஜினை அடுத்த சில வாரங்களில் படிப்படியாக இறக்கவேண்டும். ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் மருந்து உடம்பில் தேங்க ஆரம்பித்து, தலைசுற்றலும் பார்வை இரண்டாகத் தெரிவதும் வரும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். எந்தத் தேதியில் எவ்வளவு குறைப்பது என்பதை எட்டாம் மாதமே நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்கி, பிரசவப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.